கழற்றிய நாலு டயர் எங்கே?

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம், முன்பாதி நசுங்கிப்போன ஒரு காருக்கு அடியில் ஓட்டைவாய் மல்லாந்து படுத்திருந்தான். காலை ஒன்பது மணி. சிமெண்ட் தரையின் குளிர் இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர் எல்லாவற்றையும் தாண்டி முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. இருபது வருஷம் டாக்ஸி ஓட்டியவன் அவன். பின்சீட்டில் காதில் விழுந்த எந்த ரகசியமும் அவன் வாயில் ஒரு நாள் முழுசாகத் தங்கியதில்லை. அதனால் சக டிரைவர்கள் வைத்த பெயர்தான் ஓட்டைவாய். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்சில் மட்டும் இருக்கிறது.

பக்கத்தில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தவர் சர்வேயரம்மா. முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்தவர். ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் சும்மா இருக்க முடியாமல் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பேச்சு ரொம்பக் கம்மி. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஓட்டைவாயை உதவிக்கு வைத்துக்கொண்டார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் அவன்தான்.

"மேடம், கடைசியில என்னை இப்படித்தான் படுக்க வைக்கப் போறாங்க. இப்பவே எதுக்கு ஒத்திகை?" என்றான்.

"வீலுக்கு உட்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு பாரு."

பார்த்தான். பின்பக்க வலது வீலில், டயரின் உட்புறம், வெள்ளைச் சாக்பீசால் ‘மு.வ’ என்று எழுதியிருந்தது. முன் வலது. இடது பக்கம் உருண்டு போய்ப் பார்த்தான். பின்னால் இருந்த டயரில் ‘மு.இ’. முன்னால் இருந்தவற்றில் ‘பி.வ’, ‘பி.இ’. மஞ்சள் பெயிண்டில் வண்டி நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார் சர்வேயரம்மா. அப்படி எதுவும் இல்லை. சுற்றுகிற திசையைக் காட்டும் அம்புக்குறி நாலு டயரிலும் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

"அப்ப மாட்டினவன் தொழில் தெரிஞ்சவன்," என்றார் சர்வேயரம்மா. அதோடு சரி, டார்ச்சை அணைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம் கணக்கு டீச்சர் ஒருத்தி அவர்களைத் தேடி வந்திருந்தாள். வயசு முப்பத்தைந்து இருக்கும். முகத்தில் ஈரமே இல்லை. அழுது தீர்த்த முகம் இல்லை அது, அழவே ஆரம்பிக்காத முகம். அவள் புருஷன் பன்னிரண்டு நாளைக்கு முன்னால், காலை ஏழேகால் மணிக்கு, மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் வண்டியோடு பள்ளத்தில் போய்விட்டான். அண்ணனும் தம்பியுமாக நடத்திய டயர் கடையில் இவன்தான் தம்பி. கடையில் எல்லாரும் அண்ணனைப் பெரியவர் என்றும் இவனைச் சின்னவர் என்றும்தான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு ரோடு காய்ந்துதான் கிடந்தது. பனி இல்லை, மழை இல்லை. ஆனால் குளிர் இரண்டு டிகிரி. வண்டியில் இருந்தது சம்மர் டயர், அதிலும் வேகத்துக்கென்றே செய்த உசத்தி ரகம். வெயிலில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. குளிர் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் அதன் ரப்பர் விறைத்துப் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். பிறகு ஸ்டியரிங்கைத் திருப்புவது உங்கள் ஆசைக்கு, வண்டி போவது அதன் இஷ்டத்துக்கு. இந்தப் பாடத்தை வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் தொண்டை வறளச் சொன்னவரே சின்னவர்தான். விபத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே தன் வண்டிக்குக் குளிரில் விறைக்காத விண்டர் டயர் மாட்டிவிட்டார். கடைப் புத்தகத்தில் தேதியோடு இருக்கிறது. அப்படியானால் அந்த நாலையும் கழற்றிவிட்டுச் சம்மர் டயர் மாட்டியது யார்?

பெரியவர்தான் என்றாள் டீச்சர். கடை முழுக்க அதே அளவில் டயர். கை தேர்ந்த ஆள். தம்பி வண்டிக்கு மாற்றுச் சாவியும் அவரிடம் உண்டு. ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை சரியில்லை. சம்மர் டயரைப் பற்றித் தம்பி எழுதி வைத்த எச்சரிக்கையை, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கிழித்துப் போட்டவர் அண்ணன். இன்று விட்டால் நாளைக் காலை பத்து மணிக்கு டீச்சர் ஸ்டேஷனில் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப் போகிறாள். போட்டால் பெரியவர் உள்ளே போவார். கழற்றிய அந்த நாலு விண்டர் டயரையும் அவர் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார் என்று கண்டுபிடித்துக் கொடுத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஓட்டைவாய் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது சர்வேயரம்மா வீல் நட்டுகளைக் காட்டினார். ஒவ்வொரு நட்டிலும் பாதி மஞ்சள் கோடு. வீலில் மறு பாதி. எந்தப் பாதியும் எந்தப் பாதியோடும் சேரவில்லை.

"அது அந்தக் கடைப் பழக்கம் மேடம்," என்றான் அவன். "நட்டை முறுக்கி முடிச்சதும் நட்டுல இருந்து வீல் வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு இழுத்துடுவாங்க. கோடு உடைஞ்சிருந்தா அப்புறம் யாரோ கை வச்சிருக்காங்கன்னு அர்த்தம். என் டாக்ஸிக்குக்கூடப் போட்டிருக்காங்க."

"அப்ப இது கடைசியா மாட்டினது கடையில இல்ல. வெளியில, கையால."

"ராத்திரியோட ராத்திரியா வந்து மாட்டிட்டுப் போயிருக்காரு அண்ணன். எனக்கு அப்பவே தெரியும்."

உனக்கு எல்லாமே அப்பவே தெரியும் என்று சொல்லிக்கொண்டே சர்வேயரம்மா தங்கள் வண்டியில் ஏறினார்.

டயர் கடையில் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. உள்ளே பெரியவர் ஒரு டயர் அடுக்கின் மேல் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசு, அகலமான ஆள். பன்னிரண்டு நாள் தாடி. இவர்கள் யார், யாருக்காக வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் கோபப்படுவார் என்று ஓட்டைவாய் இரண்டடி தள்ளியே நின்றான். அவரோ எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கேளுங்கள், எனக்கும் தெரிய வேண்டும் என்றார். தம்பியின் சொந்தச் சம்மர் டயர் செட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். மேல் ரேக்கில், மஞ்சள் பெயிண்டில் தம்பி வண்டி நம்பரோடு, தூசி படிந்து அப்படியே இருந்தது. போலீசுக்கும் காட்டினாராம். கடை பூரா டயர் வைத்திருக்கிற உனக்கு வேறு ஒரு செட் கிடைக்காதா என்று கேட்டார்களாம்.

"ரேக்குக்கு வர்ற எல்லா டயருக்கும் நம்பர் போடுவீங்களா?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

எல்லாவற்றுக்கும் என்றார் பெரியவர். கோடையில் வாடிக்கையாளரின் விண்டர் செட்டையும், குளிரில் சம்மர் செட்டையும் கடையிலேயே வைத்துப் பாதுகாப்பது அவர்கள் வழக்கம். முந்நூறு செட் இருக்கிறது. உட்புறம் வண்டி நம்பர் போடாமல் ஒன்று ரேக் ஏறினாலும் குடும்பம் நாறிவிடும். கழற்றும்போதே எந்த மூலையிலிருந்து வந்தது என்று சாக்பீசால் எழுதிவிடுவார்கள். திரும்ப மாட்டும்போது முன்னால் இருந்தது பின்னால் போகும், பின்னால் இருந்தது முன்னால் வரும். அப்போதுதான் நாலும் ஒரே மாதிரித் தேயும்.

கிழித்த எச்சரிக்கைப் பக்கத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். கவுண்டரில் கயிற்றில் கட்டித் தொங்கிய ஒரு தடி நோட்டை எடுத்து நீட்டினார். சம்மர் டயர் வாங்கியவர்கள் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகு வந்து தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும். அதற்குக் கீழே சின்னவர் பச்சை மசியில் பதில் எழுதுவார். முதல் பக்கம் இருந்த இடத்தில் காகிதத்தின் பல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"கிழிச்சது நான்தான்," என்றார் பெரியவர். "வியாபாரம் கெட்டுப் போகுதேன்னு ஒரு ஆத்திரம். அன்னிக்கு மத்தியானமே திரும்ப ஒட்டலாம்னு குப்பைக் கூடையைத் தேடினேன். கூட்டிக் கொட்டிட்டாங்க."

சர்வேயரம்மா நோட்டை ஓட்டைவாயிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவர் எழுதியிருந்தார்: ‘பிடிமானம் சொல்லி வேலையில்லை. ஆனால் இருபதாயிரம் கிலோமீட்டரில் மொட்டை. என் தலைக்குக்கூட நாற்பது வருஷம் ஆயிற்று.’ புதுசாகக் கல்யாணமான ஒருவர்: ‘மழையில் வளைவில் கோந்து போட்டு ஒட்டினதுபோல நிற்கிறது. சத்தம் கொஞ்சம் அதிகம். மனைவி பேசுவது காதில் விழுவதில்லை. எனக்குப் புகார் இல்லை.’ அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், ‘எனக்கு இருக்கிறது.’ ஒரு டாக்ஸி டிரைவர் இரண்டு பக்கத்துக்கு அளந்திருந்தார். அது நான்தான் என்று ஓட்டைவாய் அடக்கமாகச் சொன்னான். பெரியவர் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, வந்த வழியே போய்விட்டது.

பக்கம் திரும்பத் திரும்பக் குளிர்காலம் வந்தது. ‘காலை ஆறரை. மூன்று டிகிரி. பிரேக்கை மிதித்தேன். சோப்பின் மேல் கால் வைத்த மாதிரி வண்டி போய்க்கொண்டே இருந்தது. பால் வண்டி மேல் மோதி நின்றேன்.’ கீழே பச்சை மசியில்: ‘உயிர் இருக்கிறதே, அது போதும். இன்றைக்கே வாருங்கள். மாற்றித் தருகிறேன். அண்ணனிடம் சொல்ல வேண்டாம்.’ ஓட்டைவாயின் குரல் இறங்கிவிட்டது. பெரியவர் ரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக எழுதியிருந்தது ஒரு ரொட்டிக் கடைக்காரர். தேதி, சின்னவர் செத்ததற்கு முந்தின நாள். ‘வீட்டில் வண்டி இரண்டு. விண்டர் டயர் ஒரே ஒரு செட்தான் இருக்கிறது. அடுத்தது வர ஒரு வாரம் ஆகுமாம். எந்த வண்டிக்கு மாட்டுவது?’

பச்சை மசியில் பதில் இருந்தது. ‘யார் முதலில் கிளம்புகிறார்களோ அவர்கள் வண்டிக்கு. மற்றவர் வெயில் நன்றாக ஏறும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. இது சத்தியம் வாங்க வேண்டிய விஷயம்.’

சர்வேயரம்மா நோட்டை வாங்கி அந்த மூன்று வரியைத் தானே இன்னொரு தரம் படித்தார். பிறகு ஷட்டர் ஓரத்தில் பிளாஸ்டிக் உறையோடு நின்ற நாலு புது டயரைக் காட்டி, அது யாருடையது என்று கேட்டார். தனக்கும் அது புரியவில்லை என்றார் பெரியவர். தம்பி ஆர்டர் கொடுத்ததாம். அவன் போன மூன்றாம் நாள் வந்து சேர்ந்ததாம். விண்டர் டயர், அவன் வண்டி அளவு. ஒரு செட் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று தெரியவில்லை என்றார். அதைச் சொல்லும்போது அவர் கண் எங்கேயும் நிற்கவில்லை. ஓட்டைவாய் அதைக் கவனித்தான். சர்வேயரம்மாவும் கவனித்தார்.

"அந்த நாலையும் வேன்ல ஏத்திக்கிட்டு டீச்சர் வீட்டுக்கு வாங்க," என்றார் அவர். "எங்க பின்னாலேயே."

பெரியவர் வேன் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டு வாசலில் நான் கால் வைக்கலாமா என்று கேட்டார். வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு சர்வேயரம்மா வெளியே வந்துவிட்டார்.

வண்டியில் ஓட்டைவாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. சந்தேகப்பட்ட ஆளையே சாட்சி வீட்டுக்கு அழைத்துப்போகிற அநியாயம் எந்த ஊரிலாவது உண்டா என்று கேட்டான். அண்ணன் எதையோ மறைக்கிறார், முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது என்றான். சர்வேயரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஒருத்தனைக் கொல்றதுக்காக நீ அவன் வண்டிக்கு டயர் மாட்டுறன்னு வை. முன்னால இருந்ததைப் பின்னால, பின்னால இருந்ததை முன்னாலன்னு பார்த்துப் பார்த்து மாத்துவியா?"

"எதுக்கு? அவசரத்துல கையில கிடைச்சதை..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"நாளைக்கே பள்ளத்துல போகப்போற வண்டிக்கு, டயர் நாலும் சமமாத் தேயணும்னு எவன் கவலைப்படுவான்? இன்னும் ஒரு வருஷம் ஓடணும்னு நினைக்கிறவன்தான் அப்படி மாட்டுவான்."

ஓட்டைவாய் வாயை மூடிக்கொண்டு ஓட்டினான். இரண்டு தெரு தாண்டியதும் மற்றதும் ஒவ்வொன்றாக அவன் மண்டையில் ஏறியது. அந்தச் சம்மர் டயரில் நம்பர் இல்லை. அப்படியானால் அது ரேக்குக்கே வந்ததில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியிலிருந்து அப்போதுதான் கழற்றியது. நாலு வீலைக் கழற்றிய வண்டி அந்தரத்திலா நிற்கும்? அதற்கும் நாலு வீல் மாட்டியிருக்க வேண்டும். எல்லாரும் சம்மர் டயர் எங்கிருந்து வந்தது என்றே கேட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, விண்டர் டயர் எந்த வண்டிக்குப் போயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"ஐயோ மேடம்," என்றான் மெதுவாக. "வேண்டாம் மேடம். திரும்பிப் போயிடலாம்."

"நாளைக்குப் பத்து மணிக்கு அந்த மனுஷன் உள்ள போயிடுவாருய்யா. ஓட்டு."

டீச்சர் வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு கார் நின்றது. சின்னவர் வண்டியின் அதே ரகம், நிறம் மட்டும் வேறு. இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு ஆகும் என்று அவர்தான் போன கோடையில் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தாராம். சர்வேயரம்மா மணி அடிக்கவில்லை. முன் வீலருகே குனிந்தார். ஆழமான வெட்டு, அதற்குள் பிளேடால் கீறின மாதிரி நெருக்கமாகக் கோடுகள். விண்டர் டயர். நட்டில் மஞ்சள் கோடு எதுவும் சேரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்ததுமே ஓட்டைவாய்க்குப் புரிந்துவிட்டது. அன்றைக்கு இரண்டாம் தடவையாக ஒரு வண்டிக்கு அடியில் படுத்தான். உட்புறத்தில் மஞ்சள் பெயிண்டில் வண்டி நம்பர் எழுதியிருந்தது. காலையில் ஸ்டேஷனில் பார்த்த வண்டியின் நம்பர். அதைப் படித்துச் சொல்ல அவன் வாய் திறந்ததே தவிர சத்தம் வரவில்லை. சர்வேயரம்மா கேட்கவும் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்த டீச்சர் முதலில் இவர்களைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வெளியே வேனருகே நின்ற பெரியவரைப் பார்த்தாள். முகம் இறுகியது.

"கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"கிடைச்சுது டீச்சர். நாலும் இங்கதான் இருக்கு. உங்க வண்டியில."

அவளுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கறுப்பாக, வட்டமாக இருந்தால் டயர் என்பதற்கு மேல் அவளுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. பன்னிரண்டு நாளாக அந்த வண்டியில்தான் ஸ்டேஷனுக்கும் வக்கீலிடமும் போய் வந்திருக்கிறாள். பிறகு பெரியவர் பக்கம் கையை நீட்டினாள். ஒளிக்க வேறு இடம் கிடைக்காமல் என் வண்டியிலேயே மாட்டிவிட்டாரா என்று கேட்டாள்.

"அவருக்கு அதனால என்ன லாபம்?" என்றார் சர்வேயரம்மா. "அன்னிக்கு நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

ஆறு மணி என்றாள் டீச்சர். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மா வீட்டுக்கு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் போலீசிடம் சொல்லியிருந்தாள். அதைத் திரும்பச் சொல்ல வாயெடுத்தவள் சர்வேயரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சண்டை என்றாள். அம்மா ஊரில் சின்னவருக்கு ஒரு நல்ல வேலை தயாராக இருந்தது. கடையை விட்டுவிட்டு வாருங்கள், எல்லார் முன்னாலும் உங்களை அவமானப்படுத்தின அண்ணனோடு இன்னும் எதற்கு என்று அவள் கேட்டாள். அண்ணனை விட்டு வரமாட்டேன் என்றார் அவர். அப்படியானால் உங்கள் அண்ணனையே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டினாள். விடிந்ததும் போகிறேன் என்றாள். சின்னவர் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

"அஞ்சு மணிக்கு முற்றத்துல இரும்புச் சத்தம் கேட்டுச்சு," என்றாள். "ஜாக்கி வைக்கிற மாதிரி. முழிச்சுத்தான் இருந்தேன். அவரும் எங்கேயோ கிளம்புறாரு, போகட்டும்னு போர்வையை இழுத்து மூடிக்கிட்டேன். நான் வெளியில வந்தப்ப கையைத் துடைச்சுக்கிட்டு நின்னாரு. மெதுவாப் போன்னாரு. நான் திரும்பிக்கூடப் பார்க்கலை."

சர்வேயரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ரொட்டிக் கடைக்காரருக்கு எழுதிய பதிலை அவளுக்குச் சொன்னார். முதலில் கிளம்புகிறவருக்குத்தான் நல்ல டயர். மற்றவர் வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் செட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார், அது வந்து சேரவில்லை, அதனால் தன்னுடையதைக் கழற்றி உங்களுக்கு மாட்டிவிட்டார் என்றார். பதிலுக்கு உங்கள் வண்டிச் சக்கரத்தைத் தன் வண்டிக்கு மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. இதில் கொலைகாரன் யாருமில்லை.

டீச்சர் கணக்குப் போடுகிறவள். எங்கே கணக்கு இடிக்கிறது என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

"அவரே எழுதியிருக்காரு, வெயில் வர்ற வரைக்கும் வாசலைத் தாண்டக் கூடாதுன்னு. அப்புறம் ஏன் ஏழு மணிக்குக் கிளம்பினாரு?"

சர்வேயரம்மாவுக்கு இதற்கு மட்டும் விடை தெரியாது. பதில் டீச்சரிடமே இருந்தது. அவள் கை தானாகப் பக்கத்தில் கிடந்த போனை எடுத்தது. ஆறரையிலிருந்து ஏழுவரை பதினொரு தடவை கூப்பிட்டிருந்தார். அம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தடவையும் பெயரைப் பார்த்துப் பார்த்து அவள் எடுக்காமல் இருந்தாள். கொஞ்சம் துடிக்கட்டும் என்று நினைத்தாளாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. மலைப்பாதையில் அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறித்தான் அந்த மனுஷன் வெயிலுக்குக் காத்திருக்காமல் வண்டியை எடுத்திருக்கிறார்.

ஓட்டைவாய்க்குத் தன் வீட்டு ஞாபகம் வந்தது. எத்தனை தடவை அவனும் போனை எடுக்காமல் விட்டிருக்கிறான். சட்டென்று எதையாவது சொல்லி இந்த இடத்தைக் கலகலப்பாக்கிவிடலாமா என்று பார்த்தான்.

அப்போதுதான் பெரியவர் உள்ளே வந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. விபத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி தன்னைப் போனில் கூப்பிட்டதாக அவரே சொன்னார். அண்ணே, ரேக்கிலிருந்து ஒரு செட் விண்டர் டயர் எடுத்துக்கறேன், ஒரே ஒரு நாளைக்கு, அவளுக்கு வேணும் என்றானாம். ஒரு மாதத்துக்குப் பிறகு அவனாகப் பேசியது அதுதான்.

"கஸ்டமர் செட்ல கை வைக்காதேன்னுட்டேன். ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதுறியே, உன் பொண்டாட்டியைக் காத்திருக்கச் சொல்லத் தெரியாதான்னு கேட்டேன். போனை வச்சுட்டேன்." பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது. "முந்நூறு செட் இருந்துச்சும்மா ரேக்ல."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பன்னிரண்டு நாளில் இப்போதுதான் அவரை நேராகப் பார்க்கிறாள்.

"அவர் கேட்டப்ப நீங்க கொடுத்திருக்கணும்," என்றாள்.

"ஆமாம்மா."

"அவர் கூப்பிட்டப்ப நான் எடுத்திருக்கணும்."

இதற்கு அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. தோளைத் தட்டிச் சமாதானம் சொல்லவும் அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கு இரண்டு படி கீழே, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெரிய உடம்பை மடக்கி உட்கார்ந்தார்.

நாளைக்கு ஸ்டேஷனில் என்ன சொல்ல வேண்டும் என்று டீச்சர் சர்வேயரம்மாவைக் கேட்டாள். நடந்ததைச் சொல்லுங்கள் என்றார் அவர். என் புருஷனே டயரை மாற்றினார், புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள், டயரில் இருக்கிற நம்பரே சாட்சி என்றார்.

"எல்லாத்தையும் சொல்லணுமா? அவர் கூப்பிட்டதையும், நான் எடுக்காததையுமா?"

சர்வேயரம்மா பதில் சொல்வதற்குள் கீழ்ப்படியிலிருந்து பெரியவர் பேசினார். திரும்பிப் பார்க்காமல், முற்றத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அதைச் சொல்ல வேண்டாம்மா. நான் கொடுக்காததையும் சொல்ல வேண்டாம். அது நம்ம வீட்டு விஷயம்."

டீச்சர் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல உதட்டைத் திறந்தாள். பன்னிரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் ஜன்னல் திறக்கிற அளவுக்கு, வாய்விட்டு அழுதாள்.